டெக்ஸ்ட் எடிட்டர் எழுதுறவங்களுக்கு: செலக்ட் பண்ணத நீலமா காட்டுனீங்கனா அத முழுசா அழிங்க

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியா பக்கத்துல நோட்டீஸ், கல்யாண பத்திரிக்கை அடிக்கிற கடையில வேலை செய்றேன், நாள் பூரா தமிழ் டைப்பிங்தான். டெக்ஸ்ட் எடிட்டர், அதாவது டைப் பண்ற சாஃப்ட்வேர் எழுதுற எல்லாரும் இத கொஞ்சம் படிங்க.

போன மாசம் ஒரு கருமக்கிரியை நோட்டீஸ். நாள் மாறிடுச்சுன்னு நோட்டீஸ் கொடுத்த அக்கா ஃபோன் பண்ணாங்க, பழைய வரிய கடைசி வரைக்கும் செலக்ட் பண்ணேன், நீலமாச்சு, அது மேலயே புது தேதிய அடிச்சேன். நீலம் போச்சு, பழைய தேதி போகல. வரி மடங்காம ஓடுற செட்டிங்கிறதால பழசு ஸ்கிரீனுக்கு இடது பக்கம் ஒளிஞ்சிக்கிச்சு, 200 காப்பி ஓடுனப்புறம்தான் தெரிஞ்சுது. "தம்பி, சொந்தக்காரங்க சனிக்கெழம வர்றதா ஞாயித்துக்கெழம வர்றதா?"ன்னு கேட்டாங்க. துக்க வீடுங்க அது.

செலக்ட் பண்ணத அழிக்கிறதோ, அது மேல அடிச்சா பழசு போறதோ ஒன்னும் புது விஷயமில்ல, 1970கள்லயே ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க்ங்கிற ஆராய்ச்சி கூடத்துல லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி எடிட்டர்ல செஞ்சு காட்டிட்டாங்க. ஈமேக்ஸ்ங்கிற எடிட்டர்ல பாருங்க, 2012ல வந்த 24ஆவது வெர்ஷன்லேர்ந்து பேக்ஸ்பேஸ் தட்டுனா செலக்ட் பண்ணது முழுசா போகும், ஆனா கண்ட்ரோல் டி தட்டுனா ஒரே ஒரு எழுத்துதான் போகும், எழுத்து அடிச்சா ஒன்னுமே போகாது, அதுக்கு தனியா ஒரு மோட ஆன் பண்ணனும். ஒரே நீலத்துக்கு மூணு விதமா பதில் சொன்னா கை எப்படிங்க பழகும்?

ஈமேக்ஸ்ல மார்க்க, அதாவது செலக்ட் பண்ண ஆரம்பிக்கிற இடத்துல வைக்கிற அடையாளத்த, இடம் ஞாபகம் வச்சுக்கறதுக்கும் போடுவாங்க, தெரியாம ஒரு பத்தியே போயிடும்னு பயப்படுறாங்க, அந்த பயம் நியாயந்தான். அப்படினா அந்த மார்க்குக்கு நீலம் காட்டாதீங்க. நீலம்னு ஒன்னு காட்டிட்டா பேக்ஸ்பேஸ், டெலிட், கண்ட்ரோல் டி எது தட்டுனாலும் அந்த நீலம் போகணும், அண்டூ ஒரு தடவ தட்டுனா அப்படியே திரும்பி வரணும்.

செலக்ட் பண்ணாதப்ப ஒவ்வொன்னா போறது நல்லதுதான், கோ-ல பேக்ஸ்பேஸ் அடிச்சா க நிக்கும், எங்களுக்கு கொம்பு கால் மாத்தி போட வசதி. ஸ்ரீ கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள 4 யூனிகோட் குறியீடு, பின்னாலேர்ந்து ஒன்னொன்னா உரிச்சுக்கலாம். ஆனா அதே ஸ்ரீய செலக்ட் பண்ணி தட்டுனா மிச்சம் மீதி இல்லாம போகணும்.

இன்னொன்னு, டெலிட் பண்ணது கிளிப்போர்டுக்குள்ள போகக்கூடாது. விம்ங்கிற எடிட்டர்ல புது வரிய காப்பி பண்ணிட்டு பழச டி (d) போட்டு அழிச்சா, ஒட்டறதுக்கு பி (p) தட்டுறப்ப வர்றது அந்த அழிச்ச பழசுதான். வெட்டி எடுக்கறது வேற, தூக்கி போடறது வேற. எங்க கடையில புதுசா சேர்ற பசங்களுக்கு இதையெல்லாம் செட்டிங்ல தேட தெரியாது, அதனால இன்ஸ்டால் பண்ண உடனே இப்படித்தான் இருக்குற மாதிரி வச்சு விடுங்க.