ஜெனரேட்டர் போட்டா பேட்டரி ஏற மாட்டேங்குது, உங்க சர்வீஸ் ஆள் வெயில் நாள்ல வந்து ஓகே போட்டுட்டு போறார்

கஸ்டமர் கேர் மேனேஜர் சாருக்கு வணக்கம்.

தாண்டிக்குடி பக்கத்துல காப்பி தோட்டம் வச்சிருக்கேன். தோட்டத்து வீட்டுக்கு ஈபி லைன் கிடையாது, காட்டு வழியா கம்பம் நட்டு கொண்டு வரணும், அது இப்போதைக்கு நடக்கிற மாதிரி தெரியல, அதனாலதான் போன மார்ச்ல உங்ககிட்ட முழு சோலார் செட்டா வாங்குனேன். கூரை சோலாருக்கு மத்திய அரசு தர்ற பிஎம் சூர்ய கர் சப்சிடி எல்லாம் கரண்ட் கனெக்சன் இருக்கிற வீட்டுக்குத்தான், எங்களுக்கு ஒரு பைசா கிடையாது, மொத்தமும் கைக்காசு. 330 வாட் பேனல் 6, 48 வோல்ட் 5 கேவிஏ இன்வர்ட்டர், 200 ஏஎச் டியூபுலர் பேட்டரி 4, அதோட 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். ஜெனரேட்டரும் உங்க பில்லுலதான் இருக்கு சார், இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா உங்க ஆளுங்க ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் சரியில்ல, அந்த கம்பெனிய கேளுங்கன்னுதான் சொல்றாங்க. நான் எந்த கம்பெனிய போய் கேக்குறது, வித்தது நீங்கதான.

பிரச்சனை இதுதான். ஐப்பசி கார்த்திகைல இங்க நாள் கணக்கா மழையும் மூடுபனியுமா இருக்கும், பேனல்ல ஒண்ணும் பெருசா வராது, பேட்டரி இறங்கிரும், ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணா இன்வர்ட்டர் ஒரு நிமிசம் ஏத்துக்கும், உள்ள ரிலே டக்குன்னு அடிக்கும், ஜெனரேட்டர் திணறி சத்தம் மாறும், உடனே இன்வர்ட்டர் கழட்டி விட்ரும், ஜெனரேட்டர் பழையபடி ஓடும், மறுபடி ஏத்துக்கும், மறுபடி கழட்டும். இப்படியே விடிய விடிய. பெட்ரோல் தீர்ந்ததுதான் மிச்சம், பேட்டரி ஏறல.

உங்க டெக்னீசியன் மழை விட்டு ரோடு காஞ்சப்புறம்தான் மேல வர்றார். அன்னைக்கு வெயில் அடிச்சு மதியத்துக்குள்ள பேட்டரி நிறைஞ்சிருக்கும். நிறைஞ்ச பேட்டரி ரெண்டு மூணு ஆம்பியர்தான் இழுக்கும், ஜெனரேட்டருக்கு லோடே இல்ல, அப்ப ஏத்துக்காம என்ன செய்யும்? ஓகேன்னு ஷீட்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு போயிடுறார். அந்த டெக்னீசியன் தம்பி மேல எனக்கு கோவம் இல்ல, நல்ல பையன், ஆனா அவருக்கு காலி பேட்டரியில டெஸ்ட் பண்ணணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல, அது உங்க தப்பு.

வத்தலக்குண்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கிற அண்ணன கூட்டிட்டு வந்து நாங்களே கிளாம்ப் மீட்டர் போட்டு பாத்துட்டோம். லோடு இல்லாம ஜெனரேட்டர் 236 வோல்ட், 52 ஹெர்ட்ஸ். இன்வர்ட்டர கழட்டிட்டு ஹீட்டர், அயர்ன் பாக்ஸ்னு நேரடியா 1,900 வாட் வரைக்கும் போட்டோம், 49 ஹெர்ட்ஸுக்கு கீழ இறங்கல, அசையாம நின்னுச்சு. அப்புறம் இறங்கின பேட்டரியோட இன்வர்ட்டர்ல குடுத்தா 46 ஹெர்ட்ஸ், 165 வோல்ட்டுக்கு விழுது. உங்க மேனுவல்லயே இப்ப வச்சிருக்கிற இன்புட் மோடுல 170 வோல்ட்டுக்கு கீழ போனா இன்புட்ட கட் பண்ணும்னு போட்டிருக்கு. ஆக இன்வர்ட்டரும் கெடல, ஜெனரேட்டரும் கெடல, ரெண்டையும் சேத்து வைக்க வேண்டிய செட்டிங்க யாரும் தொடவே இல்ல.

ஏசி சார்ஜிங் கரண்ட், அதாவது ஜெனரேட்டர்லருந்து எடுத்து பேட்டரிக்கு ஏத்துற கரண்ட், ஃபேக்டரில வச்ச 60 ஆம்பியர்லயே இருக்கு. கணக்கு போடுங்க சார். 60 ஆம்பியர், 54 வோல்ட், 3,240 வாட் ஆகுது, சார்ஜர்ல வீணாகிறதையும் சேத்தா 3,600 கிட்ட வரும். 3 கேவிஏ ஜெனரேட்டர் 0.8 பவர் ஃபேக்டர்ல குடுக்கிறதே 2,400 வாட். அதுவும் தரையில. என் தோட்டம் 1,300 மீட்டர் உயரத்துல இருக்கு, பெட்ரோல் எஞ்சின் 300 மீட்டருக்கு சுமாரா 3 சதவீதம் பவர் குறையும், அப்ப 2,100 கிட்டதான் நிக்கும். 2,100 தர்ற மிசின்கிட்ட 3,600 கேட்டா அது எங்க போகும்? ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு லோடும் அது வழியாதான் போகுதுங்கிறத இதுல சேக்கவே இல்ல. தவிர 200 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்கு 20 ஆம்பியர் சுத்தி ஏத்தறதுதான் முறை, 60 ஏத்துனா பேட்டரி சூடாகி தண்ணி குடிச்சு சீக்கிரம் செத்துரும். 20ல வச்சா 1,200 வாட்டுக்குள்ள முடிஞ்சிரும், வீட்டுக்கும் மிச்சம் இருக்கும், எல்லாம் அமைதியா ஓடும். இத மாத்தலாம்னா மெனுல பாஸ்வேர்டு கேக்குது, பாஸ்வேர்டு கேட்டா வாரண்டி போயிரும்னு உங்க கால் சென்டர்ல சொல்றாங்க.

தம்பி ஒரு தடவ இன்புட் ரேஞ்ச 90 வோல்ட் வரைக்கும் ஏத்துக்கிற மோடுக்கு மாத்திட்டு போனார். இன்வர்ட்டர் கழட்டி விடறது நின்னுச்சு, ஆனா வீட்டுக்குள்ள 150 வோல்ட் வருது, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாம உறுமுது, கடைசில ஜெனரேட்டரே லோடு தாங்காம திணறி நின்னு போச்சு. கரண்ட குறைக்காம ரேஞ்ச மட்டும் அகலமாக்குனா இதுதான் நடக்கும்.

கேபிளையும் பாருங்க. பேட்டரிலருந்து இன்வர்ட்டருக்கு 16 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டிருக்கீங்க, அஞ்சு மீட்டர் தூரம் வேற. பேட்டரிலருந்து வீட்டு லோடுக்கு 60 ஆம்பியர் எடுக்கும்போது பேட்டரி முனையில 49.6, இன்வர்ட்டர் முனையில 47.8. நடுவுல 1.8 வோல்ட் காணோம், அதாவது 100 வாட்டுக்கு மேல ஒயர்லயும் அதோட முனையில மாட்டுற லக்லயும் சூடா போகுது, பாசிட்டிவ் லக் கை வைக்க முடியல, டூல் வச்சு சரியா அழுத்தி கிரிம்ப் பண்ணாம சுத்தியலால தட்டி விட்ட மாதிரி இருக்கு. காப்பிப் பழத்துல தோல் எடுக்கிற பல்ப்பர் மிசினோட மோட்டார் கிளம்பும்போது ஓடுற கரண்ட விட பல மடங்கு இழுக்கும், அந்த நேரம் இன்வர்ட்டர் முனையில வோல்டேஜ் இன்னும் விழுந்து, பேட்டரில பாதி சார்ஜ் இருக்கும்போதே லோ பேட்டரின்னு கத்திட்டு ஆஃப் ஆயிருது.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, பழம் பறிக்கிற சீசன் இந்த மழையோடதான் ஆரம்பிக்கும். காப்பிப் பழத்த பறிச்ச அன்னைக்கே பல்ப்பர்ல போட்டு தோல் எடுக்கணும், குமிச்சு வச்சா சூடேறி புளிச்சு போயிரும், அப்புறம் பார்ச்மெண்ட்ல, அதாவது தோல் எடுத்து காய வச்ச கொட்டையில, வாடை அடிக்கும், வியாபாரி மோந்து பாத்தாலே கண்டுபிடிச்சு விலைய குறைச்சுருவார். இந்த சீசன்ல கரண்ட் இல்லாம ராத்திரி பூரா தார்ப்பாய் மேல கிடந்து புளிச்சு போன பழம் ஒரு வருச உழைப்பு சார்.

இப்ப சொல்லப் போறது எல்லாத்தையும் விட முக்கியம், தயவு செஞ்சு படிங்க. ஜெனரேட்டர்ல ஓடும்போது டெஸ்டர் வச்சா ரெண்டு ஒயர்லயும் எரியுது, பல்ப்பர் பாடிய தொட்டா சுருக்குங்குது. ஜெனரேட்டர் நியூட்ரல எங்கயும் எர்த்தோட சேக்கல, மிதந்துட்டு இருக்கு. இந்த நிலமையில முதல் லீக் வந்தா, லீக் ஆனா லைன கட் பண்ண வேண்டிய ஆர்சிசிபி சுவிட்சுக்கு தெரியவே தெரியாது, ட்ரிப் ஆகாது, ரெண்டாவதா இன்னொரு இடத்துல லீக் ஆனா ஆளையே அடிச்சுரும். உங்க தம்பி ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்கி ட்ரிப் ஆகுது பாருங்கன்னு காட்டுறார், அந்த பட்டன் எர்த்தே இல்லாட்டியும் வேலை செய்யும், அத வச்சு சேஃப்னு சொல்லக்கூடாது. பல்ப்பர்கிட்ட எந்நேரமும் தண்ணி ஓடுது, வேலை செய்ற பொம்பளைங்க வெறுங்கால்ல நிக்கிறாங்க. அவங்கள்ல யாருக்காவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? இப்போதைக்கு ஜெனரேட்டர்ல பல்ப்பர ஓட்டறதையே நிறுத்தி வச்சிருக்கேன், நட்டம் ஆனாலும் பரவாயில்லன்னு.

அதனால நான் கேக்கிறது: விவரம் தெரிஞ்ச ஒரு சீனியர் இன்ஜினியர் வரணும், நான் முதல் நாள் ராத்திரியே பேட்டரிய இறக்கி வைக்கிறேன், அந்த நிலமையில ஜெனரேட்டர் போட்டு முழுசா ஒரு மணி நேரம் ஓட்டி காட்டணும். சார்ஜிங் கரண்ட 20க்கு கொண்டு வரணும், பாஸ்வேர்ட எனக்கு எழுத்துல தரணும், மழைல ஒவ்வொரு செட்டிங்குக்கும் உங்க ஆள் மலையேறி வர முடியாது. கேபிள 35 ஸ்கொயரா மாத்தி லக்க ஹைட்ராலிக் டூல்ல கிரிம்ப் பண்ணணும், உங்க செலவுல. நியூட்ரல் எர்த் இணைப்ப ஒரே ஒரு இடத்துல முறையா போடணும், இன்வர்ட்டர் தனியா ஓடும்போது என்ன, ஜெனரேட்டர் வந்ததும் என்னன்னு ரெண்டையும் அளந்து ஷீட்ல எழுதணும். 60 ஆம்பியர்ல ஏத்துன பேட்டரி நாலுக்கும் ஆசிட் கிராவிட்டி பாத்து, எதாவது செல் போயிருந்தா வாரண்டில மாத்தித் தரணும். ஆட்டோ ஸ்டார்ட் இருக்குன்னு விக்கும்போது சொன்னீங்க, இன்வர்ட்டர்ல ஆன் ஆஃப் சிக்னல் மட்டும் தர்ற வெறும் ட்ரை கான்டாக்ட்தான் இருக்கு, ஜெனரேட்டர் சாவி போட்டு திருப்புற டைப், நடுவுல போட வேண்டிய கன்ட்ரோலர் தரவே இல்ல. அதையும் போடுங்க, இல்ல அதுக்கு வாங்குன காச திருப்பிக் குடுங்க.

மீட்டர் ரீடிங் போட்டோ, இன்வர்ட்டர் கழட்டி கழட்டி விடற வீடியோ, பில், சர்வீஸ் ஷீட் எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன். 15 நாள்ல ஆள் வரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல பதிவு பண்ணிட்டு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கூட கிடையாது. எனக்கு கேஸ் நடத்தணும்னு ஆசை இல்ல சார், மிசின் ஓடணும், அவ்ளோதான். வர்ற ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி நாள் போன் பண்ணச் சொல்லுங்க, தோட்டத்துக்கு கடைசி மூணு கிலோமீட்டர் ஜீப்புலதான் வர முடியும், நானே வந்து கூட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், தாண்டிக்குடி