அறியாமை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிற குழுவினர் மீதான வெறுப்புக்கு அறியாமையே வேர் என்கிறது உங்கள் தலையங்கம். முழுக்க ஏற்க முடியவில்லை.

1970களின் தொடக்கத்தில் வெளிவந்த, சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெலின் சோதனை நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம், க்ளே, கண்டின்ஸ்கி ஆகிய ஓவியர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி இரு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு மற்றச் சிறுவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். பழைய பகை கிடையாது. கூட்டாளி யாரென்றுகூடத் தெரியாது. தனக்கென்று காசு ஒதுக்கவும் வழியில்லை. இருந்தும் தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம்மவர் பங்கு குறைந்தாலும் சரி, மற்றவரைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்றும் பலர் பங்கிட்டார்கள். (எனக்கு உறுத்துவது இதுதான்.) இதில் அறியாமை எங்கே?

நம்மவர் தவறினால் 'சூழ்நிலை அப்படி' என்கிறோம். அடுத்தவர் தவறினால் 'அவங்களே அப்படித்தான்' என்கிறோம். தகவல் தெரிந்தவர்களும் இதைச் செய்கிறார்கள்.

'கலந்து பழகுங்கள்' என்ற உங்கள் யோசனை சரிதான். ஆனால் சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் அது நன்றாகப் பலிக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதிவிட்டார். இவற்றில் ஒன்றையும் தலையங்கம் தொடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்