பிரான்ஸ்னா பாரிஸ் மட்டும்தானா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த பிரான்ஸ் டூர் கட்டுரை படிச்சேன். ஈஃபில் டவர், லூவ்ர் மியூசியம், டிஸ்னிலேண்ட், லூர்து மாதா கோயில்னு வரிசையா சொல்லிட்டு கடைசில ஒரு வரி, கிராமப்பக்கம் போகணும்னா கார் இல்லாம முடியாது, நம்ம ஆளுங்களுக்கு அங்க பார்க்க பெருசா ஒண்ணும் இல்லன்னு. எழுதினவர் அந்தப் பக்கம் எட்டிக்கூட பார்க்கலைன்னு அந்த ஒரு வரிலயே தெரிஞ்சு போச்சு. எங்க பையன் தெற்கு பிரான்ஸ்ல டூலூஸ்ங்கிற ஊர்ல வேலை பார்க்கிறான், அவன்கிட்ட போறப்பல்லாம் நானும் எங்க வீட்டுக்காரரும் நடக்கறதுக்குன்னே லோட் மாவட்டத்துக்கு கிளம்பிடுவோம், எங்க ரெண்டு பேருக்குமே கார் ஓட்டத் தெரியாது. அதனாலதான் இத எழுதறேன், நீளமா இருந்தா நீங்களே வெட்டிக்கங்க.

முதல்ல மோனாலிசா விஷயம். படத்தோட அரைப் பக்கம் கொடுத்திருக்கீங்க, சந்தோஷம். 1939ல போர் வரப்போகுதுன்னதும் லூவ்ர்ல இருந்த ஓவியங்கள பெட்டி கட்டி லாரில ஏத்தி நாட்டுப்புறத்துல இருக்கற கோட்டைகள்ல கொண்டுபோய் பதுக்கினாங்க, மோனாலிசா பல ஊர் மாறி 1943லேருந்து 1945 வரைக்கும் இதே லோட் மாவட்டத்துல மோந்தால்ங்கிற கோட்டைலதான் இருந்துச்சு. பார்க்க ஒண்ணும் இல்லாத ஊர்ல!

கார் வேணும்ங்கறதும் தப்பு. டூலூஸ்லேருந்து லோட் மாவட்டத்துல இருக்கற காஓர் டவுனுக்கு ட்ரெயின்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், பாரிஸ்லேருந்தும் ஆஸ்டர்லிட்ஸ் ஸ்டேஷன்ல ஏறினா மாறாம நேரா வரலாம், அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூடக்குறைய. ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா வலாந்த்ரே பாலம். 1308ல ஆரம்பிச்சு 1378ல முடிச்சிருக்காங்க, எழுபது வருஷம். மூணு கோபுரம் வச்ச கல் பாலம், அது மேல நின்னுக்கிட்டு லோட் ஆத்தைப் பார்த்தா போதும், ஆனா நடு கோபுரத்தோட உச்சிய கொஞ்சம் உத்துப் பாருங்க, ஒரு சின்ன பிசாசு கல்லைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு தொங்கும். வேலை இழுத்துக்கிட்டே போகுதுன்னு கொத்தனார் பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டாராம், சொன்ன வேலையெல்லாம் செஞ்சா என் ஆன்மாவ எடுத்துக்கன்னு, கடைசி வேலையா சல்லடைல தண்ணி மொண்டுட்டு வரச் சொல்லி ஏமாத்திட்டாராம், அந்தக் கோவத்துல பிசாசு ராத்திரி ராத்திரி வந்து ஒரு கல்ல பேத்துட்டு போகுமாம். 1879ல பாலத்த பழுது பார்த்த பால் கூங்கிற ஆர்க்கிடெக்ட்தான் அந்த பிசாசு பொம்மைய செதுக்கச் சொல்லி அங்க வச்சார். ஆக கதைக்கு வயசு அதிகம், பிசாசுக்கு வயசு கம்மி.

இந்தப் பாலத்து மேலயே ஜிஆர் 65ங்கற நடைபாதை போகுது. லு புய்ங்கிற ஊர்லேருந்து ஸ்பெயின்ல இருக்கற சந்தியாகோ கோயிலுக்கு யாத்திரை போன பழைய வழி அது, நம்ம ஊர் பழனி பாதயாத்திரை மாதிரி ஆனா மாசக்கணக்குல. அது முழுக்க நடக்கணும்னு யாரும் சொல்லல. ஜிஆர்ங்கறது நீண்ட தூர நடைபாதை, 1947லேருந்து இதுக்குன்னு ஒரு அமைப்பு வச்சு தன்னார்வலர்கள் பெயிண்ட் டப்பாவோட போய் மரத்துலயும் கல்லுலயும் அடையாளம் போட்டுட்டு வராங்க. வெள்ளக் கோடு மேல, சிவப்புக் கோடு கீழ, இது இருந்தா நேரா போங்க. ரெண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கா இருந்தா அது உங்க வழி இல்ல, திரும்பி வந்து வேற கிளைய பாருங்க. வெறும் மஞ்சக் கோடுன்னா அது பிஆர், ஒரு ஊர்ல ஆரம்பிச்சு சுத்திட்டு அதே ஊர்ல வந்து முடியற சின்ன பாதை, ஊர் முகப்புல போர்டு வச்சு எத்தன கிலோமீட்டர், எத்தன மணி நேரம்னு போட்டிருப்பாங்க. அந்த நேரத்த நம்பாதீங்க, அது அவங்க ஊர் நடைக்கு போட்டது, நம்ம வேகத்துக்கு பாதி சேர்த்துக்கங்க.

எனக்கு பிடிச்ச நடை பூஸியெஸ்லேருந்து சேன் சிர் லாபோபி வரைக்கும். காஓர்லேருந்து ஃபிஜாக் போற பஸ் லோட் பள்ளத்தாக்கு வழியாவே போகும், ரெண்டு ஊருக்கும் அதுலயே போகலாம், பஸ் கம்மிதான், டைம் பார்த்து வச்சுக்கங்க. பாதை ஆத்தோரமா போகும், ஒரு இடத்துல மலை நேரா தண்ணிக்குள்ள இறங்கிடும், கால் வைக்க இடமே கிடையாது. அங்க 1840கள்ல பாறைய வயித்துப்பக்கமா குடைஞ்சு பாதை போட்டிருக்காங்க. எதுக்குன்னா படகு இழுக்க. காஓர் ஒயினு, மரம் எல்லாம் இந்த ஆத்து வழியாதான் போர்தோ துறைமுகத்துக்கு போச்சு, போறப்ப ஓட்டத்தோட போயிடும், திரும்பி மேல வர்றப்ப கரையில நின்னு கயிறு கட்டி இழுத்தாகணும். தலைக்கு மேல பாறை கவிஞ்சு நிக்கும், ஒரு பக்கம் தண்ணி, சுவத்துல கையை வச்சா உளி பட்ட தழும்பு வரிவரியா நெருடும், எங்க வீட்டுக்காரர் ஆறடி, அவர் குனிஞ்சேதான் வந்தார். ரயில் வந்துச்சு, படகு நின்னு போச்சு, பாதை மட்டும் மிஞ்சிடுச்சு. நடுவுல டேனியல் மோனியேங்கிற சிற்பி ஒரு பாறை சுவர் நீளத்துக்கு சங்கு மீனுன்னு செதுக்கியிருக்கார், அது 1980கள்ல செஞ்சது, பழசுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க.

சேன் சிர் லாபோபி ஆத்துக்கு மேல நூறு மீட்டர் உயரத்துல பாறை விளிம்புல உட்கார்ந்திருக்கு. ஆந்த்ரே ப்ரெதோங்கிற கவிஞர், சர்ரியலிசம்னு சொல்றாங்களே அந்தக் கூட்டத்துக்கு தலைவர், 1950 வாக்குல வந்து பார்த்துட்டு இங்கயே வீடு வாங்கிட்டார். 2012ல டிவில பிரெஞ்சுக்காரங்களுக்கு பிடிச்ச கிராமம்னு ஓட்டு போட்டு எடுத்தாங்க, அதுலேருந்து கூட்டம்தான். உண்மைய சொல்றேன், ஆகஸ்ட்ல அங்க போகாதீங்க, மதியத்துல தெருவுல நகர முடியாது, அதுக்கு பக்கத்துல இருக்கற மார்சியாக் பரவால்ல, செலே ஆத்தோரம் பாதி இடிஞ்ச மடாலயம், ஆள் நடமாட்டமே இருக்காது.

அடுத்தது பெஷ் மெர்ல் குகை, ஆதி மனுஷங்க வரைஞ்ச ஓவியம் இருக்கற இடம். காப்ரரே கிராமத்துக்கு மேல இருக்கு. லாஸ்கோ குகைய எல்லாருக்கும் தெரியும், 1940ல கண்டுபிடிச்சாங்க, ஜனங்க விட்ட மூச்சுக்காத்துல ஓவியம் கெட ஆரம்பிச்சு 1963ல மூடிட்டாங்க, இப்ப அங்க பார்க்கறதெல்லாம் நகல். பெஷ் மெர்ல்ல அசலையே பார்க்கலாம். 1922ல ஆந்த்ரே டேவிட்னு ஒரு பதினாறு வயசு பையனும் அவன் சிநேகிதனும் பொந்துக்குள்ள ஊர்ந்து போய் கண்டுபிடிச்சது. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல விட மாட்டாங்க, கைடு கூடத்தான் போகணும், போட்டோ கிடையாது. உள்ள ரெண்டு குதிரை, ஒண்ணுக்கொண்ணு முதுகு காட்டி நிக்குது, உடம்பெல்லாம் கறுப்பு புள்ளி, சுமார் 29,000 வருஷம் ஆச்சு. வலது பக்க குதிரையோட தலைய கவனிங்க. பாறையே இயற்கையா குதிரை மூஞ்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு, அதை பார்த்துட்டுதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்திருக்கணும். சுத்தி கை அச்சு, கைய சுவத்துல வச்சு சாயத்த வாயில வச்சு ஊதினது. லோர்ப்லான்ஷேன்னு ஒரு ஆய்வாளர் இதே மாதிரி வாயில ஊதியே வேற ஒரு குகையில வரைஞ்சு பார்த்தார், 32 மணி நேரம் பிடிச்சுதாம். புள்ளி குதிரை கற்பனைன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2011ல பழைய குதிரை எலும்புல டிஎன்ஏ எடுத்து பார்த்தா அந்த மாதிரி புள்ளி குதிரைங்க நிஜமாவே இருந்திருக்கு. இந்தக் குகை அந்த சின்ன கிராமத்தோட சொத்து, ஊர் நிர்வாகமே நடத்துது, இது எனக்கு பெரிய ஆச்சரியம். நம்ம பக்கம் பாறை ஓவியத்து மேல காதலிச்சவங்க பேர் எழுதிட்டு போறத உங்க பேப்பர்லயே எத்தன தடவ போட்டிருக்கீங்க.

மேட்டு நிலத்துல நடந்தா வழி நெடுக கருவேல மரமோ கள்ளியோ கிடையாது, குட்டை குட்டையா ஓக் மரம், சுண்ணாம்புக் கல்லை சாந்து இல்லாம அடுக்கின சுவரு, அதே மாதிரி அடுக்கின ஆட்டுக்கார குடிசை. கல்திட்டையும் நிறைய இருக்கு, லிவெர்னோன் ஊர் பக்கத்துல இருக்கறது ரொம்ப பெருசு, மேல்கல் உடைஞ்சு போய் கான்கிரீட் தூண் கொடுத்து தாங்கியிருக்காங்க. கிருஷ்ணகிரி மல்லச்சந்திரத்துல பார்த்தவங்களுக்கு இது புதுசா தெரியாது, செத்தவங்களுக்கு கல்லுல வீடு கட்டற யோசனை அங்கயும் வந்திருக்கு, அவ்வளவுதான்.

சாப்பாடு பத்தி கேட்பீங்க. சைவம்னா கஷ்டம், வாத்துக் கொழுப்பு இல்லாம அவங்களுக்கு சமைக்கத் தெரியாது, ஆனா ரோகமதூர் ஆட்டுப்பால் சீஸ், வால்நட், ஆம்லெட், ரொட்டி வச்சு ஓட்டிடலாம். பேக்கரிய காலைலயே பார்த்துடுங்க, மத்தியானம் கடை மூடிடுவாங்க, ஞாயிறு சாயங்காலமும் திங்களும் கிட்டத்தட்ட ஊரடங்குதான். தண்ணி தீர்ந்தா கல்லறைத் தோட்டத்துக்கு போங்க, பூச்செடிக்கு ஊத்த குழாய் வச்சிருப்பாங்க, குடிக்கக் கூடாதுன்னு போர்டு இல்லைன்னா நடக்கறவங்க எல்லாம் அங்கதான் பிடிப்பாங்க, எனக்கு முதல்ல மனசு ஒப்பல, வெயில் அடிச்சதும் ஒப்பிடுச்சு. எதிர்ல யார் வந்தாலும் போன்ழூர் சொல்லிடுங்க, சொல்லாம வழி கேட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாங்க. இலையுதிர் காலத்துல வேட்டைக்காரங்க துப்பாக்கியோட சுத்துவாங்க, பளிச்னு கலர் துணி போட்டுக்கங்க. ராத்திரி தங்க ஜீட் இருக்கு, ஒரே ரூம்ல பல கட்டில், சாப்பாடும் சேர்த்தே தருவாங்க, ஹோட்டல விட எவ்வளவோ சல்லிசு.

போறதுக்கு நல்ல காலம் மே, ஜூன், இல்லன்னா செப்டம்பர். குளிர்ல குகைய மூடிடுவாங்க, மத்த நாள்லயும் முன்னாடியே டிக்கெட் போட்டுடுங்க. செப்டம்பர் மூணாவது சனி ஞாயிறுன்னா இன்னும் விசேஷம், பாரம்பரிய நாள்னு 1984லேருந்து கொண்டாடறாங்க, மத்த நாள்ல பூட்டிக் கிடக்கற கோட்டை, தனியார் வீடு, மில்லு எல்லாம் திறந்து விடுவாங்க, நிறைய இடம் இலவசம். அடுத்த வருஷம் அந்த நேரத்துக்கு முன்னாடி ஒரு கட்டுரை போடுங்க, ட்ரெயின் பஸ் டைம் எல்லாம் எழுதித் தர நான் ரெடி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு டீச்சர்,
ஈரோடு.