ஆண்டறிக்கை 2024–25: மேற்கு கேபினும் மற்ற நடவடிக்கைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் வழக்கம்போல் தபாலில் போகும். தபால் செலவு கணக்கில் காட்டப்பட்டுள்ளது.

பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களான நம் சங்கத்தில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றம் நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. நவம்பரில் பென்ஷன்தாரர்களுக்கான உயிர்வாழ் சான்று முகாம் நடந்தது; அன்றைக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. பொங்கல் விழா கோலப்போட்டியோடு சிறப்பாக முடிந்தது. செயற்குழுக் கூட்டங்களில் சில, கோரம் (கூட்டம் நடத்தப் போதுமான வருகை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. இந்த ஆண்டில் நம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் தன் அஞ்சலியைத் தெரிவித்துக்கொள்கிறது.

இனி கேபின், அதாவது மாடியில் நின்று லிவரை இழுத்துச் சிக்னலை இயக்கிய, நம் ஸ்டேஷனின் பழைய மேற்கு சிக்னல் கேபின். "செயலாளர் கேபினைக் கட்டிக்கொண்டு அழுகிறார், சங்கத்தை யார் பார்ப்பது?" என்று டீக்கடையில் ஒரு பேச்சு இருப்பது எனக்கும் தெரியும். அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகச் சேர்ந்த, ரயில்வேயில் வேலை பார்க்காத உறுப்பினர்களுக்காக ஒரு வரலாறு. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகும் நம் பாதைதான் மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போவது கார்டு லைன். வேகமான வண்டிகளெல்லாம் அங்கே போய்விட்டதால் இன்றைய பிள்ளைகள் அதைத்தான் மெயின் என்று நினைக்கிறார்கள். 1870களில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் பாதை இது. 1951 ஏப்ரல் 14 அன்று அந்தக் கம்பெனியின் பாதைகள் தெற்கு ரயில்வேக்குள் வந்தன. சோழன் எக்ஸ்பிரஸும் கம்பன் எக்ஸ்பிரஸும் இந்த ஒற்றைத் தண்டவாளத்தில்தான் ஓடின. எதிரே வரும் வண்டிக்கு லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், காத்திருந்து ஓடின. 2006 டிசம்பரில் அகலப்பாதைப் பணிக்காக விழுப்புரம்–மயிலாடுதுறை பகுதியை மூடினார்கள். 2010இல் மறுபடி வண்டி ஓடியபோது சிக்னல் எல்லாம் கலர் விளக்கு. வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டைத் திருப்பியது மோட்டார். இவற்றை இயக்க ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைமேல் பேனல் வந்துவிட்டது. மேற்கு கேபினுக்கு வேலை இல்லை.

வெளியே கிடந்த ராடு, கம்பி, கப்பி, சிக்னல் கம்பம் எல்லாம் ஏலத்தில் போனது. மாடியில் இருந்த லிவர் பிரேமை, அதாவது லிவர்கள் வரிசையாகப் பொருத்திய இரும்புச் சட்டத்தை, இறக்கக் கிரேன் வேண்டும் என்றதும் ஏலம் எடுத்தவர் கணக்குப் போட்டுப் பார்த்து அதை விட்டுவிட்டுப் போனார். இன்று நம்மிடம் ஏதாவது இருக்கிறது என்றால் அந்தப் புண்ணியவான் கிரேன் வாடகைக்கு யோசித்ததால்தான்.

அந்த பிரேமில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சிவப்பு லிவர் நிறுத்து சிக்னலுக்கு, கருப்பு பாயிண்டுக்கு, நீலம் பாயிண்டைப் பூட்டுவதற்கு, வெள்ளை உபரி. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பித்தளைத் தகடு. அதில், இந்த லிவரை இழுக்கும் முன் எந்தெந்த லிவர்களை இழுத்திருக்க வேண்டும் என்ற எண்கள் வரிசையாக வெட்டியிருக்கும். வரிசை தப்பினால் லிவர் அசையாது. தரைக்குக் கீழே உள்ள பூட்டறையில் வெட்டுவாய் போட்ட இரும்புப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றை ஒன்று தடுக்கும். முதலில் பாயிண்ட் சரியான பக்கம் திரும்ப வேண்டும். அப்புறம் நீல லிவரை இழுத்து அதைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சிவப்பு நகரும். ஆள் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், கோபத்தில் இருந்தாலும், மேலதிகாரி போனில் கத்தினாலும் இரும்பு ஒத்துக்கொள்ளாது. பாயிண்டையும் சிக்னலையும் இப்படி இணைக்கும் வேலைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை வாங்கியது 1856இல். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டி கிளம்பியதும் அதே ஆண்டுதான்.

ஸ்டேஷனுக்கு வரும் வண்டி முதலில் பார்க்கும் அவுட்டர் சிக்னலின் லிவரை இழுக்க ஆள் பலம் வேண்டும். அது ஸ்டேஷன் வாசலில் உள்ள ஹோம் சிக்னலுக்கும் குறைந்தது 400 மீட்டர் வெளியே நிற்கும். அவ்வளவு தூரம் கம்பியை இழுப்பது, ஆழக் கிணற்றிலிருந்து நிறைகுடத்தை ஒரே மூச்சில் மேலே கொண்டுவருவது மாதிரி. வெயிலில் கம்பி நீண்டுவிடும். லிவர் முழுக்க வந்தும் சிக்னலின் கைகாட்டி பாதியில் நிற்கும். அதற்காகவே கேபினில் கம்பியை முறுக்கும் சக்கரம் தனியாக உண்டு. இன்றைக்கும் ஊரில் யாராவது தாமதமாக வந்தால் "அவுட்டர்ல நின்னுட்டியா?" என்று கேட்கிறோம். அந்த அவுட்டரை இழுத்த கை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நம் மூத்த லிவர்மேன் அண்ணன் எண்பதைத் தாண்டியும் ஞாயிறு தவறாமல் வருகிறார். லிவரை வெறுங்கையால் தொடவிடமாட்டார், துணி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வியர்வை பட்டால் கைப்பிடி துருப்பிடிக்கும்.

பழைய ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து நாம் கேட்டு வாங்கிய நீல்ஸ் டோக்கன் கருவியும் இப்போது கேபினில்தான் உள்ளது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரே வண்டிதான் இருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி, ஸ்டேஷன் பெயர் பொறித்த ஓர் இரும்புக் குண்டு. இரண்டு ஊர்க் கருவிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்ப உள்ளே போகும்வரை அடுத்த குண்டு வராது. பக்கத்து செக்‌ஷன் குண்டைத் தப்பித்தவறிப் போட்டாலும் உள்ளே நுழையாது. அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். அடுத்த ஊரோடு பேச்சு மணியில்தான்: ஒரு தட்டு "கவனி", இரண்டு "லைன் கிளியர் உண்டா?", மூன்று "வண்டி கிளம்பிவிட்டது", நான்கு "வந்து சேர்ந்தது". ஆறு தட்டு கேட்டால் ஆபத்து. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற சிக்னல் மெயின்டெய்னர் ஒருவர் பேட்டரி வைத்து மணியை மறுபடி அடிக்கவைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அந்த மணியை விட்டு நகருவதில்லை.

இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட வேலை, ஒரு கைகாட்டியை மறுபடி இயங்கவைப்பது. லிவரை இழுத்தால் வெளியே ஒன்று இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் இரும்புக் கம்பி. கிடங்கு ஒன்றில் கிடந்த சிக்னல் கையைக் குட்டையான கம்பத்தில் ஏற்றி, கம்பியும் கப்பியும் போட்டு, எதிர்எடையும் மாட்டினோம். கம்பி அறுந்தாலும் கை தானாகக் கிடைமட்டத்துக்கு, அதாவது 'நில்' நிலைக்கு, வந்துவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த எடை. "கேபினுக்குப் பின்பக்கம் போய் ஏன் நட்டீர்கள், ரோட்டிலிருந்து தெரியவில்லையே?" என்று கேட்டவர்களுக்குப் பதில்: லோகோ பைலட் கண்ணில் படும் இடத்தில் பொய்ச் சிக்னல் நடுவதற்கு ஜெயில் இருக்கிறது.

அக்டோபர் 11 ஆயுதபூஜை அன்று லிவர்களைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டோம். கூட்டம் நன்றாகவே இருந்தது. பொரியும் கடலையும் பற்றாமல் போனது. அன்று இரவுதான் சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், ஸ்டேஷனின் நேர்த் தண்டவாளத்துக்குச் சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த சரக்கு வண்டிமேல் மோதியது. மறுநாள் காலையிலிருந்து, அதுவரை கேபின் பக்கமே வராதவர்கள் உட்பட, பலர் என்னிடம் "அது எப்படி சார் நடக்கும்?" என்று கேட்டார்கள். காரணத்தை விசாரித்தவர்கள் சொல்லட்டும். ஆனால் கேள்வியைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஒரே இடம் நம் கேபின்தான். அந்த ஞாயிறு நீல லிவரின் வேலையை விளக்கினேன். வண்டி எதிர்கொள்ளும் பாயிண்டில் பூட்டு ஏன் தனியாக இருக்கிறது, பாயிண்டின் நகரும் நாக்கு தண்டவாளத்தோடு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கும் டிடெக்டர் வழியாகவே சிக்னல் கம்பி ஏன் போகிறது என்பதெல்லாம் சொன்னேன். மோட்டாரும் கம்ப்யூட்டரும் வந்த பிறகும் சரிபார்க்க வேண்டியது அதே விஷயங்களைத்தான். வந்தவர்களில் பாதிப் பேர் பாலிடெக்னிக் மாணவர்கள். நம் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் கேபின் கூரையில் ஓடுகள் பறந்தன. பூட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. கிரீஸ் கழுவிப்போய்ப் பட்டைகள் துருப்பிடிக்க ஆரம்பித்தன. காத்திருக்காமல் ஓடுகளை மாற்றினோம். செயற்குழுவைக் கூட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் செலவு செய்திருக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் ஆட்சேபித்திருக்கிறார். அந்த வாரம் கூட்டிய செயற்குழுவுக்குத் தலைவரும் பொருளாளரும் நானும்தான் வந்தோம் என்பதை அவருக்குப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். ஆட்சேபித்தவரும் செயற்குழு உறுப்பினரே.

ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்புக்கு முறைப் பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வாட்ஸ்அப்பிலும் போட்டோம். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஞாயிறு காலை வருவது அண்ணன், மெயின்டெய்னர், நான், சில சமயம் பொருளாளர். பணியில் இருந்தபோது ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் ரெஜிஸ்டரில் காரணம் எழுதியவர்கள் நாம். முழங்கால் வலி எல்லோருக்கும் உண்டு, கேபின் படி செங்குத்து, ஒப்புக்கொள்கிறேன். கீழே உட்கார்ந்து தகடு பாலிஷ் போடும் வேலையும் இருக்கிறது.

சந்தா விஷயம். ஆண்டுக்கு ரூ.300. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவையும், சிலர் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் கட்டவில்லை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் உள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாக: வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். கூரை, கம்பி, கப்பி, பெயின்ட் சேர்ந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது உண்மை. பொங்கல் விழாச் செலவும் சிறியதல்ல என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையிருப்பு திருப்திகரம் என்று சொல்ல முடியாது, கவலைக்கிடம் என்றும் சொல்ல முடியாது. சில ரசீதுகள் புயல் மழையில் நனைந்துவிட்டதால் தணிக்கையாளர் கொஞ்சம் பொறுமை காட்டினார்.

அவருக்கும், முகாம்களுக்கு இடம் கொடுத்த கல்யாண மண்டப உரிமையாளருக்கும், ஓடு மாற்றிய கொத்தனாருக்கும், ஞாயிறுதோறும் டீ அனுப்பும் கடைக்காரருக்கும், பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியர்களுக்கும், இப்போது பணியில் உள்ள ஸ்டேஷன் ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயன்பாட்டில் இல்லாத கட்டடங்களின் பட்டியலில் மேற்கு கேபினையும் சேர்த்திருப்பதாக மேலிடத்து அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்துள்ளது. நாம் எழுதிய பதிலுக்குப் பதில் இல்லை, நினைவூட்டலுக்கும் இல்லை. நேரில் பார்வையிட வருவார்கள் என்று மட்டும் வாய்மொழியாகத் தகவல். வருபவர்கள் பார்க்கப்போவது பித்தளைத் தகட்டை அல்ல, அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்பதைத்தான். மூன்று கிழவர்கள் நிற்கும் கட்டடம் பயன்பாட்டில் உள்ளது என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வராது. லிவர் பிரேமைத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. கடைசி வழியாக அதையும் பரிசீலிக்கலாம், நான் எதிரி அல்ல. ஆனால் இடம் மாறினால் பூட்டறையைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், பிரித்ததைத் திரும்பக் கோக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சொல்வதை எழுதிவைக்கவும், வீடியோ எடுக்கவும் இளையவர்கள் இருவராவது முன்வந்தால் இந்த மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம். பேரன் பேத்திகளை அனுப்பினாலும் சரி.

செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வது பற்றிச் சிலர் கேட்டார்கள். வேறு யாராவது முன்வந்தால் சாவி, கோப்பு, கடிதப் போக்குவரத்து எல்லாம் இன்றே ஒப்படைக்கத் தயார். வேட்புமனுப் படிவங்கள் வாசல் மேஜையில் உள்ளன. சென்ற ஆண்டு அச்சடித்தவையே அப்படியே மிச்சம் இருப்பதால் புதிதாக அச்சடிக்கவில்லை. சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேஜையில்தான். பணமாகவும் கட்டலாம், போனிலும் அனுப்பலாம். வடையும் காபியும் தயாராகிவிட்டதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாதவர்கள் போட்டுவிடவும், இன்றைய கூட்டத்துக்குக் கோரம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்