ஸ்கூட்டருக்கு ஒரு தனி ரோடு

நாகர்கோவில்,
ஞாயிறு காலை

அன்புள்ள ராஜன்,

முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே பத்து நாளாகச் சாரல். துணி காயவில்லை, மதில் முழுக்கப் பாசி, வேளிமலை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை.

நம் கல்லூரியில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். பழைய மாணவன், ரிட்டயர்டு வாத்தியார் என்று இரண்டு கணக்கிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வளாகத்துக்குள் ஸ்கூட்டருக்கென்று தனி ரோடு போடணுமாம்.

நாம் படித்தபோது உள்ளே வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கெமிஸ்ட்ரி சாருடைய லாம்ப்ரெட்டா வருகிற சத்தம் கேட்டே நாம் வகுப்புக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? ரோடு இன்றைக்கும் அதேதான். எதிரே கார் வந்தால் மண்ணில் இறங்கி நிற்க வேண்டிய அகலம். போன வாரம் லைப்ரரி படிக்கட்டில் நோட்டோடு உட்கார்ந்து எட்டரை மணியிலிருந்து இருசக்கர வண்டிகளை எண்ணினேன். முந்நூறு தாண்டியதும் நோட்டை மூடிவிட்டேன். கேட்டைத் தாண்டினதுமே ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்கிறார்கள். வாத்தியார்களும்தான்.

எல்லாம் ஆரம்பித்தது ஜூன் கடைசியில். நல்ல மழை. முதல் வருஷப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே குடையில், லைப்ரரி வளைவில் நடந்து போயிருக்கிறார்கள். பின்னால் வந்தது பேட்டரி வண்டி, அதனால் சத்தமே இல்லை. பையன் பார்த்துவிட்டான், பிரேக்கும் பிடித்துவிட்டான். ஆனால் பேவர் பிளாக்கில் பாசி. வண்டி சறுக்கி, ஒரு பிள்ளையையும் தள்ளிக்கொண்டு விழுந்தது. அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அந்தப் பையன் மறுநாளிலிருந்து பஸ்ஸில் வருகிறான்.

கல்லூரியின் திட்டம் இது: முன் கேட்டிலிருந்து மைதானத்தைச் சுற்றி லைப்ரரி பின்புறம் வரை தனி ரோடு. இடையில் நிற்கிற மரங்களுக்கு நம்பர் போட்டாயிற்று. நம் அயினி மரத்தில் சிவப்பு பெயின்டில் 7. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனால் மரத்துக்காக மட்டும் நான் எதிர்க்கவில்லை மக்கா.

நீ மலேசியாவில் கிள்ளானுக்குப் போன புதிதில் எழுதியிருந்தாய், கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஓரமாகத் தனிப்பாதை உண்டு, மழை வந்தால் எல்லோரும் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள் என்று. எழுபதுகளின் தொடக்கத்திலேயே போட்ட பாதை அது. அங்கே அது சரி. பக்கத்தில் லாரியும் காரும் பறக்கும்போது வண்டிக்காரனைப் பிரித்து வைத்தால் அவன் உயிர் பிழைக்கும். நம் வளாகத்தில் லாரியின் இடத்தில் இருப்பதே ஸ்கூட்டர்தான். அடிபடுகிறவர்கள் நடக்கிறவர்கள். தனி ரோடு போட்டால் என்ன ஆகும்? யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் 20-இல் போகிறவன் 40-இல் போவான். கேன்டீனுக்குப் போகிற பிள்ளைகள் அதையும் கடந்துதானே ஆகணும்? 

கமிட்டியில் பழைய புத்தி போகாமல் போர்டில் எழுதியே காட்டினேன். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். குடைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி அவள் மேல். வேகம் இரட்டித்தால் மோதுகிற ஆற்றல் நாலு மடங்கு. ஒருவர் வாட்ஸ்ஆப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, முப்பது வருஷம் பழகின காட்சிதானே.

நான் சொன்னது சின்ன விஷயம். கேட்டை ஒட்டி, மதிலோரமாகக் கொஞ்ச தூரம் மட்டும் வண்டிக்குத் தனி வழி. அது நேரே ஸ்டாண்டில் போய் முடியணும். அதற்கு மேல் நடைதான். கை கால் முடியாதவர்களின் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் சங்கிலி திறக்கட்டும். உடனே ஒரு குரல்: "மழையில பிள்ளைங்க அவ்வளவு தூரம் நடக்காது சார்." பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைகள் எப்படி வருகிறார்களாம்? 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து கேட்டில் இறங்கும் கூட்டம் கூடித்தான் இருக்கிறது. அவர்களில் ஒருத்தியைக்கூடக் கமிட்டியில் போடவில்லை. அதைக் கேட்டதும் கொஞ்சம் அமைதி. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மாணவிகளைக் கூப்பிடுகிறார்களாம்.

பாசியைச் சுரண்டுவதற்குக் கமிட்டி எதற்கு என்றும் கேட்டேன். அது வேறு டிபார்ட்மெண்டாம்!

உன்னால் ஒரு உதவி வேண்டும். அங்கே மோட்டார் சைக்கிள் பாதையும் மற்ற ரோடும் சேருகிற இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று இரண்டு படம் எடுத்து அனுப்பு. பாதை நெடுக வேண்டாம், சேருகிற இடம் மட்டும் போதும். நீ ஓட்டாதே, மகனை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போ. செவ்வாய்க்கிழமை கூட்டம், அதற்குள் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
மணி