காரின் பெட்ரோல் பம்ப்பை மாற்றினீர்கள், ரப்பர் ஹோஸைப் பார்க்கவில்லை: ஒரு புகார் கடிதம்

கோயம்புத்தூர்
9 பிப்ரவரி 2026

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: 2005 மாடல் மாருதி ஜென் காரில் கோளாறைக் கண்டுபிடிக்காமல் பாகங்களை மாற்றியது, ரூ.17,500 திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கோயம்புத்தூர் கிளையில் நவம்பர் முதல் ஜனவரி வரை என் காரை மூன்று முறை விட்டேன். மூன்று பில்லும் சேர்த்து ரூ.20,450 கட்டினேன். மூன்று முறையும் போன கோளாறோடுதான் வண்டி திரும்பி வந்தது. நான்காவதாக ரூ.22,000க்கு ஈசியுவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, மாற்றச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு சிங்காநல்லூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் முக்கால் மணி நேரத்தில் வண்டி சரியாகிவிட்டது. செலவு ரூ.360.

இந்தக் கார் என் அப்பா வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அவருக்குப் பிறகு நான் எழுதுகிறேன். அதனால் இந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று என்னால் குத்துமதிப்பாக இல்லாமல் சொல்ல முடியும். கோவை ஊருக்குள் ஓட்டினால் 15, 16. அக்டோபர் கடைசியில் அது 11 ஆனது. நவம்பர் முதல் வாரம் 9.4. சிக்னலில் நின்றால் வண்டி உதறும், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கும், சில சமயம் ஆஃப் ஆகிவிடும். ஒருநாள் ஹோப் காலேஜ் சிக்னலில் அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றுபோனேன். சூடான வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் லேசில் ஸ்டார்ட் ஆகாது. பின்னால் பெட்ரோல் வாடை அடிக்கும், சைலன்சர் வாயில் கரி. ஆனால் மருதமலை ஏற்றத்தில் எந்தத் திணறலும் இல்லாமல் இழுத்தது.

இது அத்தனையையும் நவம்பர் 8ஆம் தேதி உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது "மைலேஜ் இல்லை, ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்பது மட்டும். நகல் இணைத்துள்ளேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன், அது எழுதப்படவே இல்லை. வண்டியைத் தொட்ட மெக்கானிக்கிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். கஸ்டமரை உள்ளே விடுவதில்லை என்றார்கள். "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க மேடம், எக்ஸ்பிளைன் பண்றேன்" என்று ஒருவர் சொன்னார். வண்டியை ஓட்டுவது நான், பில் கட்டுவதும் நான். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

முதல் முறை ஏர் ஃபில்டர், நான்கு பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், ரூ.4,850. ஃபில்டரும் பிளக்கும் மாற்ற வேண்டிய காலம்தான், அந்தப் பணத்தை நான் கேட்கவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி பெட்ரோல் பம்ப்பும் ஃப்யூல் ஃபில்டரும், ரூ.9,400. ஜனவரி 5ஆம் தேதி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து ஈசியுவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார், ரூ.6,200. ஒவ்வொரு தடவையும் வண்டி நேரத்துக்குக் கைக்கு வந்தது, கழுவித் துடைத்துத்தான் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

என் முக்கியமான புகார் அந்த பம்ப்பைப் பற்றியது.

பம்ப் பலவீனமானால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். அந்தக் குறை முதலில் தெரிவது அதிகப் பெட்ரோல் தேவைப்படும் இடத்தில்தான்: ஏற்றம், ஓவர்டேக், ஹைவேயில் நாலாவது கியரில் அழுத்தும் நேரம். என் வண்டியில் நடந்தது நேர்மாறானது. ஏற்றத்தில் இழுத்தது, நின்ற இடத்தில் செத்தது. பெட்ரோல் குறைவாக எரிந்தால் பிளக் வெளுத்து வரும். நீங்கள் நவம்பரில் கழற்றி என்னிடம் கொடுத்த நாலு பழைய பிளக்கும் விளக்குக் கரி பூசினதுபோல் இருக்கின்றன, இன்னும் டிக்கியில் கிடக்கின்றன. இந்த வண்டி பெட்ரோல் கிடைக்காமல் வாடவில்லை, அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தது. சரி, அதெல்லாம் இருக்கட்டும். பம்ப்பை மாற்றும் முன் ஃப்யூல் லைனில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தி அளந்திருந்தாலே பம்ப் நல்லதா கெட்டதா என்று தெரிந்திருக்கும். ஜாப் கார்டில் பிரஷர் அளவு என்று ஒரு எண்கூட இல்லை. பழைய பம்ப்பைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்கிறார்கள்.

டிசம்பர் 20ஆம் தேதி புகைச் சோதனைக்குப் போனேன். பெட்ரோல் அதிகமாகி அரைகுறையாக எரிந்தால் கூடும் கார்பன் மோனாக்சைடு 3.9 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதி வகையைச் சேர்ந்த இதுபோன்ற பெட்ரோல் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.5. பதிவைப் புதுப்பிப்பதற்காக 2025 ஜூனில் எடுத்த சோதனையில் இதே வண்டி 0.28 காட்டியது. ஆறே மாதத்தில் இப்படி ஆகியிருந்தது. சான்றிதழ் கிடைக்காததால் வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு அம்மாவை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

அந்தப் புகைச் சோதனைச் சீட்டை ஜனவரி 5ஆம் தேதி உங்கள் கிளையில் கையில் கொடுத்தேன். "இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய வண்டி எல்லாமே இப்படித்தான் மேடம்" என்று பதில் வந்தது. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் பாகங்களுக்கு ஆகாது என்பது உண்மை, அதற்காக நானும் கவலைப்படுகிறேன். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. அது கலந்தால் காற்றோடு சேரும் கலவை மெலியத்தான் செய்யும், இப்படிக் கரி கக்காது. 3.9 சதவீதம் கார்பன் மோனாக்சைடு காட்டும் வண்டிக்கு இ20ஐக் காரணம் சொன்னவர் அந்தச் சீட்டைப் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றைக்கு மாற்றிய ஆக்சிஜன் சென்சாரும் கெட்டுப்போனது இல்லை. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அது சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

இனி சிங்காநல்லூரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். "மேட்டுல இழுக்குதுங்களா?" என்று கேட்டார். நன்றாக இழுக்கிறது என்றேன். "அப்ப பம்ப்பு இல்லைங்க" என்றார். பம்ப்பை ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று அப்புறம்தான் அவரிடம் சொன்னேன்.

ஒரு பிளக்கைக் கழற்றினார். இரண்டு மாதப் பிளக், அதற்குள் கன்னங்கரேல் என்று இருந்தது. பிறகு இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் தடவி வளைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில்) இருக்கும் மேப் சென்சாருக்குப் போகிற ஹோஸ், பென்சில் தடிமன்தான் இருக்கும். அதன் அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடித்திருந்தது. இருபது வருடச் சூட்டில் ரப்பர் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் நல்ல ஹோஸ்தான், வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கிறது.

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார், நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த வண்டியில் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் மீட்டர் கிடையாது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்ல, அதையும் ஆர்பிஎம்மையும் வைத்து எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று ஈசியு கணக்குப் போடுகிறது. வண்டி சும்மா நின்று ஓடும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் மிகக் குறைவு. ஹோஸ் வெடித்திருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சாருக்கு அழுத்தம் அதிகமாகத் தெரியும். ஏதோ மேடு ஏறுகிறோம் போல என்று ஈசியு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. உண்மையிலேயே மேடு ஏறும்போது மேனிஃபோல்டு அழுத்தமும் வெளிக்காற்று அழுத்தத்துக்குக் கிட்டே வந்துவிடும், அப்போது தப்பான அளவுக்கும் சரியான அளவுக்கும் வித்தியாசம் இருக்காது. மருதமலையில் என் வண்டி ஏன் நன்றாக ஓடியது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரியாததற்கும் காரணம் சொன்னார். சென்சார் செத்துப்போனால் விளக்கு எரியும். தப்பான அளவைச் சொன்னாலும் அது வழக்கமான வரம்புக்குள் இருந்தால் எரியாது. உங்கள் கிளையில் ஸ்கேனரை மாட்டி, பழுதைக் காட்டும் கோட் எதுவும் வரவில்லை, அதனால் ஈசியுதான் போய்விட்டது என்று முடிவுகட்டினார்கள்.

மல்டிமீட்டரில் மேப் சென்சாரை அளந்தபோது, வண்டி சும்மா நின்று ஓடும் ஐடிலில் 2.4 வோல்ட் காட்டியது. புது ஹோஸ் போட்டதும் 1.3. என் கண் முன்னால் வண்டியின் உதறல் நின்றது. ஹோஸ் ரூ.60, கூலி ரூ.300. ஆயில் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார், பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருந்ததால் ஆயிலும் மாற்ற வேண்டியதாயிற்று, அது தனியாக ரூ.1,900. மறுநாள் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.31. அதன் பிறகு இரண்டு டேங்க் ஓட்டிவிட்டேன், லிட்டருக்கு 15.2. சீட்டுகள், பில்கள், நோட்டின் பக்கங்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

ஒரு ஹோஸ் வெடித்ததைக் கவனிக்கத் தவறியதற்காக மட்டும் நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மறைவான இடம், யாருக்கும் தவறலாம். கரிப்பிடித்த பிளக், நான் சொன்ன ஏற்றம், இந்த இரண்டும் ஒரே திசையைக் காட்டியபோது அதற்கு எதிர்த்திசையில் இருக்கும் பம்ப்பை, அளந்துகூடப் பார்க்காமல் மாற்றியதற்கும், சோதனைச் சீட்டைக் கையில் கொடுத்த பிறகும் நல்ல ஆக்சிஜன் சென்சாரை மாற்றியதற்கும்தான் பணத்தைத் திரும்பக் கேட்கிறேன்.

பம்ப்புக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் வாங்கிய ரூ.15,600, ஆயில் செலவு ரூ.1,900, ஆக மொத்தம் ரூ.17,500 எனக்குத் திரும்ப வேண்டும். மூன்று மாதம் வீணாய்ப்போன பெட்ரோலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் செயலியில் என் வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் "ஈசியு பழுது, மாற்றப் பரிந்துரை" என்று பதிவாகியிருக்கிறது. ஈசியுவில் ஒரு பழுதும் இல்லை, அந்தப் பதிவை நீக்குங்கள். என்றைக்காவது இந்த வண்டியை விற்க நேர்ந்தால் அந்த ஒரு வரி எனக்கு நஷ்டம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் கிளைக்கு வரும் பழைய வண்டிகளில் பெட்ரோல் சம்பந்தமான எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் பிளக்கின் நிறம், ஃப்யூல் பிரஷர், மேனிஃபோல்டிலிருந்து போகும் வேக்குவம் ஹோஸ்களின் நிலை இந்த மூன்றையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தை அவர் கேட்காவிட்டாலும் கையில் கொடுங்கள். என்னைப்போல் பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் உங்கள் கிளைக்குத் தினமும் வருகிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாடு என்று கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். என் பெயர், முகவரி, வண்டி எண், மூன்று ஜாப் கார்டுகளின் எண்கள் தனித்தாளில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்