சீட்டில் யார் பெயரை எழுதுவது? ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்மசியிலும் சட்டத்திலும் ஆய்வு செய்யும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் தலைப்பு எடுத்துக் கொடுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் மெடிக்கல் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். வருஷாவருஷம் உங்களில் யாராவது கேள்வித்தாளோடு கடைக்கு வருகிறீர்கள். ‘டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பீர்களா?’ என்று ஒரு கேள்வி தவறாமல் இருக்கிறது. மக்களே, சட்டப்படி குற்றமான ஒன்றை எந்தக் கடைக்காரர் ஆமாம் என்று டிக் அடித்துத் தருவார்? எல்லாரும் ‘இல்லை’ போடுகிறோம். நீங்கள் அதைச் சதவீதமாக்கி, கடைசியில் ‘விழிப்புணர்வு தேவை’ என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். விழிப்புணர்வு எங்களுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. இல்லாதது வேறு: மருந்தாளுநர் தானே மருந்து எழுத ஒரு சட்ட வழி.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீன்பிடி போட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பட்டால் வாரக்கணக்கில் கரை இல்லை, டாக்டரும் இல்லை. போகும் முன் ஒருவர் வந்து, காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, தூண்டில் கீறி வெட்டுப்பட்டால் போட என்று போட்டுக்காரர் அத்தனை பேருக்கும் மருந்து கேட்பார். சீட்டு வாங்கி வாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(10) என்ன சொல்கிறது? சீட்டில் டாக்டர் கையெழுத்தும் தேதியும் வேண்டும், யாருடைய சிகிச்சைக்கோ அவர் பெயரும் முகவரியும் வேண்டும். இங்கே நோயே இன்னும் வரவில்லை. யார் பெயரை எழுதுவது? டாக்டரும் தடுமாறுவார், நானும் தடுமாறுவேன். கடைசியில் ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒன்றைப் பொதிந்து கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பில் இல்லை, பதிவு இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் கேட்க ஆளும் இல்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மருந்தாளுநர் மருந்து எழுதலாமா என்றதும் டாக்டருக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் தொழில் சண்டையாகவே எல்லாரும் பார்க்கிறார்கள். எழுதும் வேலை கவுன்டரில் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார், எல்லை எது, தப்பு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கு மட்டும் விடை இல்லை. இது நிர்வாகச் சட்டத்தின், அதாவது அதிகாரம் யாருக்கு, எதுவரை என்று பார்க்கும் சட்டத்தின் கேள்வி. பார்மசிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தருவதில்லை. சட்டம் படிக்கத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும் பிள்ளைகளுக்கோ மருந்துக் கடை ஒரு பொருட்டாகவே படுவதில்லை.

சட்டம் இப்போது நிற்கும் இடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச் அட்டவணை மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2013-இல் வந்த, கட்டுப்பாடு இன்னும் கூடிய எச்1 அட்டவணை மருந்து என்றால் தனிப் பதிவேடு போட்டு மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் 1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2015-இல் வந்த பார்மசித் தொழில் ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் எங்கள் வேலையாக்கின. எழுதும் அதிகாரம் எங்கேயும் கிடையாது. ஆனால் 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் பாருங்கள். சமுதாய நல வழங்குநர் என்று ஒருவருக்கு வரையறுத்த உரிமம் கொடுக்கலாம், ஆரம்ப நிலைச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை அவரே எழுதலாம் என்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்காதவரும் கொஞ்சம் எழுதலாம் என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டாயிற்று. இதை விரித்து எழுதிய ஆய்வேடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டைக் காட்டும்போது பட்டியலை மட்டும் காப்பியடிக்காதீர்கள். பிரிட்டனில் தனிப் பயிற்சி முடித்த மருந்தாளுநர் 2006 முதல் தானே எழுதுகிறார். கனடாவின் ஒன்டாரியோவில் 2023 ஜனவரி முதல் 13 சிறு நோய்களுக்கு எழுதலாம் என்று விதி வந்தது. இங்கிலாந்தில் 2024 ஜனவரியில் தொண்டை வலி, காது வலி, பெண்களின் சிறுநீர்த் தொற்று என ஏழு நோய்களைக் கடையிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். இதில் மூன்றாவதன் ஏற்பாடுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. அங்கே ஆளுக்கு ஆள் சீட்டு கிடையாது. இன்ன நோய்க்குறி இருந்தால், இன்ன வயதுக்கு, இந்த மருந்து, இத்தனை நாள் என்று ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளுநரும் கையெழுத்திட்டு, பொறுப்புள்ள ஓர் அமைப்பு ஒப்புதல் கொடுத்த எழுத்து ஆணை இருக்கிறது. முன்கூட்டிப் பெயர் தெரியாத நோயாளிகளுக்காகவே உண்டான ஏற்பாடு அது. நம் போட்டுக்கு அது அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அங்கே நோய் வந்தவரைப் பார்த்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும். ஆனாலும் பெயர் இல்லாத சீட்டைச் சட்டத்துக்குள்ளேயே யோசிக்க முடியும் என்று தெரிகிறதல்லவா?

இங்கே அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் நீதிமன்றத்தில் நிற்குமா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மருந்து விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலை எந்த அளவுகோலும் சொல்லாமல் அரசே நீட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த சட்டப் பகுதியை அடித்துவிட்டது. முக்தியார் சந்த் வழக்கில் 1998-இல், ஒரு மருத்துவ முறையின் மருந்தை எழுதும் உரிமை அந்த முறையில் தொழில் செய்யும் உரிமையோடு சேர்ந்தது என்றது. வைத்தியர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் சித்தா, வர்மம் படிப்பவர்களும் இந்தத் தீர்ப்பைப் படிப்பது நல்லது. மருத்துவத் தொழில் செய்யும் உரிமை இல்லாத எங்களுக்கு இது பெரிய தடை, ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்புறம், எங்கள் சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று. எழுதுபவரும் நானே, விற்று லாபம் பார்ப்பவரும் நானே என்றால் அது சரியில்லை. 1969-இல் கிரைபக் வழக்கில், வனத்துறைத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவரே அந்தத் தேர்வுக்குப் போட்டியாளராகவும் இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து போய்விட்டார்தான், இருந்தும் தேர்வு செல்லாது என்றது நீதிமன்றம். அது அரசுக் குழு, என் கடை தனியார் கடை. ஆனால் சட்டம் எனக்கு எழுதும் அதிகாரத்தைக் கொடுக்கும் நாளில் அந்தக் கேள்வி என் கவுன்டருக்கும் வரும். மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் என்று வைக்கலாமா? அரசு மருந்தாளுநருக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கலாமா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, என் வியாபாரத்துக்கு அது உதவாது என்றாலும். எந்தெந்த மருந்தை எழுதலாம் என்று பட்டியல் போடும் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தாலும் இதே பழுதுதான்.

களம் தேடி நீங்கள் தூரம் போக வேண்டாம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் நின்றால் போதும். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் கேரள அரசு 2024-இல் ஆபரேஷன் அம்ருத் என்று தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் தேடிப் பிடிக்கிறது. அந்தப் பக்கம் பாறசாலையில் கிடைக்காதது இந்தப் பக்கம் கிடைக்கிறதா, அதனால் ஆள் இங்கே வருகிறார்களா என்று பாருங்கள். கூடவே 2022 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வரைவையும் எடுத்துப் படியுங்கள். பாராசிட்டமால் உள்பட 16 மருந்துகளைச் சீட்டில்லாமல் ஐந்து நாளுக்கு மிகாமல் கொடுக்கலாம் என்ற வரைவு அது. அதற்கு யார் யார் ஆட்சேபம் அனுப்பினார்கள், என்ன பதில் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். சட்டம் படிப்பவர் ஒருவரும் பார்மசி படிப்பவர் ஒருவரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

என் கடைக்கு வருவதாக இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள், மாலையில் கூட்டம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தால், நோயாளிகளின் பெயரை மறைத்து எச்1 பதிவேட்டைக் காட்டுகிறேன். டிக் அடிக்கும் தாள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், மார்த்தாண்டம்